பேர் கொடுக்கும் சனிக்கிழமை

அவளுக்குக் கழுத்து நீளம், எனக்கு இல்லை. அதனாலா? சிரிக்கும்போது பல் தெரியாமல் சிரிக்கிறாள், அதனாலா? இல்லை, அந்தக் கைதான். சாக்பீஸ் பிடிக்கிற விரலில் தோல் நாற்றம் ஒட்டாது. என் விரலை மோந்தால் தெருநாய்கூடத் தும்மும். ஆனால் அவன் தும்மவில்லையே. பதினாலு வருஷம் தும்மாமல்தானே இருந்தான்.

இப்படி நினைத்துக்கொண்டே ராஜாமணி தோலின் ஓரத்தில் சொல்யூஷன் பசை தடவினாள், மடித்தாள், சின்னச் சுத்தியால் தட்டினாள். படப்பை ரோட்டில் தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பெண்கள் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைக்கிற கம்பெனி அது. மேல்பாகத்துக்கு அப்பர் என்று பெயர். அடிப்பாகத்தை எங்கே வைத்து ஒட்டுகிறார்கள் என்று அங்கே ஒருத்திக்கும் தெரியாது. தைத்த அப்பர் எல்லாம் லைன் கடைசியில் இருக்கும் உயரமான மேசைக்குப் போகும். மேசைக்குப் பின்னால் செக்கர் கனகம். ஒவ்வொன்றையும் புரட்டி, தையலை நகத்தால் இழுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் சாக்பீஸால் ஒரு கோடு போடுவாள். தப்பாக இருந்தால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவாள்.

ராஜாமணியின் புருஷன் டில்லிபாபு ஜூன் மாதத்திலிருந்து இந்தக் கனகத்தின் வீட்டில் இருக்கிறான். கனகம் தண்டலத்துக்காரி, கட்டியவன் செத்து மூன்று வருஷம் ஆகிறது. ஜல்லி லாரி ஓட்டும் டில்லிபாபு, பஸ் வராத ஒரு சாயங்காலம் அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். அப்புறம் பஸ் வந்த நாட்களிலும் இறக்கிவிட்டான். கம்பெனிக்கே தெரிந்த கதைதான்.

அவன் போனதைக்கூட ராஜாமணி ஒருவிதமாக விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாதது வேறு. இந்த ஐந்து மாதத்தில் கனகம் அவளுடைய அப்பர் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் பெருக்கல் குறி விழுகிறது. அவளுக்குக் கோடு, கோடு, கோடு.

"யக்கா, சோத்துல கைய வெச்சிக்கினு அங்க இன்னா பாக்குற?" என்றாள் சின்னப்பொண்ணு. மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவளும் ராஜாமணியின் ஊர்தான், ஒரே பஸ், ஒரே கோயில்.

"ஒண்ணியும் இல்ல."

"நீ பாக்குற பார்வைக்கி அவ கழுத்துல ஓட்ட வுழுந்துடப் போவுது."

"வுழட்டும்."

"வுழுந்தாலும் அவ சாக்பீஸ் வெச்சி அடச்சிக்குவா. துண்ணு. இந்தா, கருவாடு." தன் டப்பாவிலிருந்து நெத்திலிக் கருவாட்டை அள்ளி வைத்தாள். "அப்புறம் ராணியம்மா, இன்னிக்கி கோயில்ல நாடகம் பழகணும், நெனப்புல கீதா? எனுக்கு மீச கரியில வரைவாங்களாம். எங்கூட்டுக்காரரு மீசய வுட என்து பெருசு."

"உனுக்கு மீசயே தேவல்ல. குரலே போதும்."

"நாம தைக்கிற இந்த அப்பரு மொத்தமும் ஜெர்மனிக்குத்தான் போவுதாம். சூப்ரவைசர் சொன்னாரு. நாடகத்துல வர்ற உங்க ராணியம்மா நாம தச்சதப் போட்டுக்கினுதான் அரமனைய வுட்டு ஓடியிருப்பா."

"அவ ஓடி நானூத்தி அறுவது வருசம் ஆவுதுடி."

"அதான் டெலிவரி லேட்டுனு கத்திக்கினே கீறானுங்க."

ராஜாமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மேசைப் பக்கம் பார்த்தாள். கனகம் தனியாக உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பா புதுசு. அவன் வாங்கித் தந்ததாக இருக்கும் என்று பட்டதுமே கருவாட்டை ஓரமாக ஒதுக்கினாள்.

வல்லம் வடகாலுக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டி நாற்பது வீடு, ஒரு லுத்தரன் கிறிஸ்தவக் கோயில். அதுதான் அவர்கள் ஊர். அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி, லுத்தரையர் பேரில் கொண்டாடும் சீர்திருத்தத் திருநாள். வருஷா வருஷம் பாட்டும் பிரசங்கமுமாகப் போய்விடும். இந்த வருஷம் புதிதாக மாற்றலாகி வந்த ஐயருடைய, அதாவது பாதிரியாருடைய, மனைவி, ஆம்பளை கதையே எத்தனை வருஷம் சொல்வது, ஒரு பொம்பளை கதை போடலாம் என்றார். ஐயரம்மா தரங்கம்பாடிப் பக்கம். அங்கே படித்துவிட்டு ஸ்கூல் நடத்தியவர்.

முந்தின வாரம் ஒரு சாயங்காலம், நாற்று நட்டு முடித்த பெண்களும் கம்பெனிப் பெண்களும் கோயிலுக்குள் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். வெளியே ஐப்பசி மழை ஓட்டில் கொட்டியது. ஐயரம்மா குரலை உயர்த்தித்தான் கதை சொல்ல வேண்டியிருந்தது.

"எங்க ஊர்ல கடலோரம் ஒரு கோட்டை இருக்கு. டேனிஷ்காரங்க கட்டினது. அந்த டென்மார்க் ராஜா வம்சத்துப் பொண்ணுதான் இந்த எலிசபெத் அம்மா. ஜெர்மனியில பிராண்டன்பர்க் பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டவங்க. அந்தக் காலத்துல கோயில்ல ஜனங்களுக்கு அப்பம் மட்டுந்தான். திராட்சரசக் கிண்ணம் குருமாருக்கு மட்டும். இல்ல, கர்த்தர் எல்லாருக்கும்தானே குடுத்தார்னு லுத்தரையர் சொன்னார். இந்தம்மா அதை நம்பினாங்க. புருஷன் ஊர்ல இல்லாத சமயம், அரண்மனைக்குள்ளயே ரகசியமா அப்பமும் வாங்கி கிண்ணத்துலயும் குடிச்சாங்க."

"அப்புறம்?"

"பெத்த பொண்ணே அப்பாகிட்டச் சொல்லிடுச்சு. பிரபுவுக்குக் கோபம். அடைச்சு வெச்சிருவேன்னார். இவங்க குடியானவப் பொம்பளை மாதிரி துணி மாத்திக்கிட்டு வண்டி ஏறி ராவோட ராவா லுத்தரையர் இருந்த சாக்சனிக்குப் போயிட்டாங்க. திரும்பி வான்னு ஆள் மேல ஆள் வந்துச்சு. போகல."

ராஜாமணி எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தது மறக்காது. அதனால்தான் பெரிய வேஷம் அவளுக்கு வந்தது. சின்னப்பொண்ணு பிரபு. அப்பாவிடம் போய்ச் சொல்லும் மகளாக ராஜாமணியின் மகள் ஷாரோன், ஏழாவது படிக்கிறவள்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம். அப்பமும் கிண்ணமும் வாங்க விரும்புகிறவர்கள் முந்தின நாள் சனிக்கிழமை ஐயர் வீட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். ஐயர் நோட்டில் எழுதிக்கொள்வார். சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் வந்து ஐயர் முன்னால் கை கொடுத்துக்கொண்டால்தான் இரண்டு பேருக்கும் கிண்ணம். ஒருவர் வராவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லை. யார் பக்கம் தப்பு என்று நோட்டு கேட்காது. அப்படித்தான் ஜூலை மாதம் தொடங்கி டில்லிபாபுவுக்குக் கிண்ணம் இல்லை, ராஜாமணிக்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் எழுந்து போய் மண்டியிடும்போது அவள் பெஞ்சில் உட்கார்ந்து கால்விரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

திருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது டில்லிபாபு வந்தான். நனைந்த சட்டை. வாசற்படியில் நின்று தலையை உதறிக்கொண்டான். லாரி டீசலும் மழையும் கலந்த அந்த வாடை உள்ளே வந்ததும் ராஜாமணியின் உடம்பு அவளைக் கேட்காமல் துண்டை எடுக்கத் திரும்பியது. எடுத்த துண்டைக் கொடியிலேயே போட்டாள்.

"இன்னா, உள்ள வரலாமா?"

"வூட்டுக்கு வழி மறந்து போச்சோன்னு நெனச்சேன்."

"குத்திக் காட்டாத ராஜாமணி. ஒரு விசயமாத்தான் வந்தேன்."

கேழ்வரகுக் களி கிண்டி இறக்கியிருந்தாள். கேட்காமலே ஒரு உருண்டை வைத்து, கீரைக் குழம்பை ஊற்றினாள். அவன் சாப்பிட்ட விதத்தைப் பார்த்தாள். பசி. கனகம் களி கிண்ட மாட்டாள்போல. அந்த நினைப்பில் அவளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. இவ்வளவு சின்ன விஷயத்தில் நிமிர்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"சனிக்கெழம பேர் குடுக்கணும். நீயும் வா. ஐயரு முன்னால ஒரு கை குடுத்துட்டா முடிஞ்சிது."

"இன்னா திடீர்னு கிண்ணத்து மேல ஆச?"

"டிசம்பர்ல சபைக் கமிட்டி எலெக்சன். ஆறு மாசம் இராப்போஜனம் எடுக்காதவன் நிக்க முடியாதாம். நம்ம ஆளுங்கள்ளாம் என்னத்தான் நிக்கச் சொல்றாங்க."

"கை குடுத்தப்புறம்?"

"வந்துடுவேன். இங்கதான் இருப்பேன்."

"எந்நேரமுமா?"

அவன் களியை உருட்டிக்கொண்டே இருந்தான். "அவளயும் அம்போன்னு வுட்டுற முடியுமா சொல்லு. வாரத்துல ஒரு நாள், ரெண்டு நாளு. அது அது பாட்டுக்கு. ஊருக்கு நீதான சம்சாரம்."

ராஜாமணி களிச் சட்டியை மூடினாள். அவன் கை கழுவி எழுந்தான். "யோசன பண்ணு. நீ இப்பிடியே மொறச்சிக்கினு இருந்தா லாபம் அவளுக்குத்தான்," என்றான் போகிறபோது. அந்தக் கடைசி வார்த்தை மட்டும் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் இங்கே, இரண்டு நாள் அங்கே. ஐந்து பெரிசா, இரண்டு பெரிசா? விரலை மடக்கிப் பார்த்தாள். இப்போது ஏழும் கனகத்திடம். கை கொடுத்தால் ஐந்தைப் பிடுங்கிக்கொள்ளலாம். அன்று முழுக்க அந்த ஐந்து அவள் நாக்கில் இனித்தது.

மறுநாள் வேண்டுமென்றே ஓர் அப்பரில் நாலு தையலைத் தாண்டவிட்டாள். பார்க்கலாம், இதற்காவது பெருக்கல் குறி விழுகிறதா என்று. விழவில்லை. அது திரும்பி வரவேயில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் வேஷம் போட்டுப் பார்த்தார்கள். ஐயரம்மா ஒரு நியூஸ்பேப்பர் பொட்டலத்தைப் பிரித்தார். "பிரபு வீட்டம்மாவுக்குப் பட்டு வேணுமே. நான் விசாரிச்சதுல, உங்க கம்பெனியில ஒரு பொண்ணு, கனகம்னு, நல்ல பட்டு வெச்சிருக்குன்னாங்க. நேத்து பஸ் ஸ்டாப்புல பாத்துக் கேட்டேன். காலையில கொண்டாந்து குடுத்துச்சு."

ஐயரம்மா ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான். ஐயருடைய நோட்டில் சண்டைக்காரர்கள் பேர் மட்டும்தான் இருந்தது, காரணம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

மாம்பழ நிறம், அரக்குக் கரை. ராஜாமணி கிட்டே போய் முந்தானையைப் புரட்டினாள். ஒரு விரற்கடைக் கிழிசல், அதைத் தைத்த நைலான் நூல், நிறம் ஒரு பிடி தூக்கல். கம்பெனி நூல். அவள் தையல். அவள் கல்யாணப் புடவை. தன் அக்கா, மகள் கல்யாணத்துக்கு ஒரு நாள் கட்டக் கேட்கிறாள் என்று பங்குனியில் டிரங்குப் பெட்டியிலிருந்து அவன்தான் எடுத்துப் போனான். அவன் வீட்டை விட்டுப் போவதற்கு மூன்று மாதம் முன்னால்.

சின்னப்பொண்ணு பாதி மீசையோடு எழுந்து வந்தாள். "யக்கா, வாணாம். என்னாண்ட ஒரு பாலியெஸ்டர் கீது. பளபளான்னு இருக்கும். இத வுடு."

"எதுக்கு? நல்லாத்தான கீது."

முகத்தருகே கொண்டுபோய் மோந்தாள். டிரங்குப் பெட்டியின் ரச கற்பூர வாடை போய் வேறு பௌடர் வாடை. மடிப்பு வேறு. இடுப்பில் அதிகமாக உள்ளே செருகிய தடம் ஒன்று சுருங்கிக் கிடந்தது. உயரம் குறைந்தவள் செருகினால் விழும் தடம். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே கண்டிருந்த கனகத்தின் உயரம் ராஜாமணிக்கு இப்போதுதான் தெரிந்தது. பாலிஷ் போட்டு, கஞ்சி ஏற்றி, தன்னிடம் இருந்ததைவிடப் புடவை நன்றாக இருந்தது. வயிற்றெரிச்சல் என்று சும்மா சொல்வதில்லை, அது வயிற்றில்தான் எரிந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது ஷாரோன் குடைக்குள் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, எனக்கு முன்னயே தெரியும்."

"இன்னா தெரியும்?"

"பொடவ அங்க கீதுன்னு. நைனா ஒருநா என்னக் கூட்டினு போச்சு. கொடியில காஞ்சிக்கினு இருந்துது."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

ராஜாமணி தேங்கிய தண்ணீரைத் தாண்டினாள். நாடகத்தில் மகள் அப்பாவிடம் போய்ச் சொல்கிறாள், இங்கே மகள் அம்மாவிடம் சொல்லவில்லை. எது பெரிய துரோகம் என்று நினைத்தபடி நாலு எட்டு வைத்தாள். பிறகு குடையைக் குழந்தை பக்கம் சாய்த்தாள்.

"அங்க இன்னா துண்ணக் குடுத்தா?"

"பன்னு."

"நல்லா இருந்துச்சா?"

ஷாரோன் யோசித்தாள். "பசி வேளைக்கி இருந்துச்சு," என்றாள் ஜாக்கிரதையாக.

திருநாள் அன்று வேஷம் கட்டும்போது ராஜாமணி ஐயரம்மாவைக் கேட்டாள். "ஏம்மா, அந்தப் பிரபு எப்பிடி? வேற பொம்பள கிம்பள உண்டா?"

கொசுவத்துக்கு ஊக்கு மாட்டிக்கொண்டிருந்த ஐயரம்மாவின் கை நின்றது. "உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கேட்டேன்."

"இருந்தா ஒருத்தி. இன்னொருத்தன் பெண்டாட்டி. அது மேடைக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"அரண்மனையில தெரியாம இருக்குமா?"

"அப்ப கிண்ணத்துக்காக மட்டும் போவல."

"கிண்ணத்துக்காகத்தான் போனாங்க ராஜாமணி. கடுதாசியெல்லாம் இருக்கு."

"இருக்கட்டும்மா. வயிறு எரிஞ்சதையும் கடுதாசியில எழுதுவாங்களா?"

ஐயரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். முந்தானை நூலைப் பார்த்தார், பாயில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் பாதி விளங்கியிருக்க வேண்டும். "அந்தப் பிரபு செத்தப்புறம் பிள்ளைங்க கூப்பிட்டாங்க," என்றார் தணிந்த குரலில். "அப்பவும் உடனே போகல. பத்து வருஷம் ஆச்சு. என் கோயில் முறைப்படி நான் இருக்க விட்டாத்தான் வருவேன்னுட்டாங்க."

நாடகம் நன்றாகவே நடந்தது. சின்னப்பொண்ணின் மீசை வேர்வையில் கரைந்து தாடியானதில் ஜனம் ஆரவாரித்தது. டில்லிபாபு ஆண்கள் பக்கம் முன் பெஞ்சில் வெள்ளைச் சட்டையோடு இருந்தான். வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில், குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு கனகம் நின்றாள். ராஜாமணி எல்லா வசனத்தையும் அந்தக் குடையைப் பார்த்தே சொன்னாள். நான் கட்டினால் எப்படி இருக்கிறது பார். செருகல் தேவையில்லாத உயரம் பார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கம்பெனியில் ஓ.டி., கூடுதல் நேர வேலை. தீபாவளிக்கு நாலு நாள், லோடு போக வேண்டும். புடவையை மடித்து அதே பேப்பரில் சுற்றி எடுத்துப்போய்ச் செக்கிங் மேசையில் வைத்தாள். ஏன் எடுத்துப்போனாள் என்று அவளுக்கே தெரியாது. முகத்தில் விட்டெறியத்தான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

கனகம் அதைத் தொடவில்லை. "உன்துதானேக்கா. எடுத்துனு போ."

"தெரிஞ்சிதான் கட்னியா?"

"அவரு அக்கா பொடவன்னு குடுத்தாரு. கட்டுனப்புறம் தையலப் பாத்தேன். தெனமும் பாக்குற தையலு, தெரியாதா? அப்புறம் கட்டல. தொவச்சி வெச்சேன். ஐயரம்மா கேக்கவும், சரி, எப்பிடியும் உன் கைக்கி வந்துடும்னு குடுத்தேன்."

"ஆளக் குடுக்கல."

கனகத்தின் நீளக் கழுத்து மெல்லச் சிவந்தது. "அவரு பொடவையாக்கா, மடிச்சிக் குடுக்க?"

ராஜாமணி மேசையில் கிடந்த ஓர் அப்பரைப் புரட்டினாள். "திங்கக்கெழம ஒரு அப்பர்ல நாலு தையல் வுட்டேன். வேணும்னேதான். ஏன் திருப்பல?"

"பாத்தேன்."

"பாத்து?"

"நானே பிரிச்சித் தச்சிட்டேன்."

அவள் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தால் ராஜாமணி அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவளைத் திட்டலாம், மயிரைப் பிடிக்கலாம், சாக்பீஸை ஒடித்து எறியலாம். இப்படி நல்லவளாக நின்றால் எங்கே கை வைப்பது? அழகு போதாதென்று நல்லவளாகவும் இருக்க வேண்டுமா இவள்? பேப்பர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினாள். அன்று அவள் தைத்த அத்தனையிலும் ஒரு தையல் பிசகவில்லை.

சனிக்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் விழும் சத்தம் ஐயர் வீடு வரைக்கும் கேட்டது. முன்னறையில் ஐயர் நோட்டும் பேனாவுமாக இருந்தார். சின்னப்பொண்ணும் அவள் புருஷனும் பேர் கொடுத்துவிட்டு வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். டில்லிபாபு முன்னாலேயே வந்து காத்திருந்தான். தலை வாரி, முகத்துக்குப் பௌடர் போட்டிருந்தான். அந்தப் பௌடர் வாடை அவளுக்குத் தெரியும்.

"வாம்மா ராஜாமணி," என்றார் ஐயர். நல்ல மனுஷர், சண்டை தீர்ந்தால் அவருக்குத்தான் முதல் சந்தோஷம். "டில்லிபாபு எல்லாம் சொன்னார். நடந்ததை விட்டிருவோம். ஒரு கை குடுத்தாப் போதும். நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா மண்டி போடுங்க."

நோட்டில் பாதி எழுதியிருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தே அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். டில்லிபாபு. பக்கத்தில், சம்சாரம். பழைய பக்கங்களிலும் அப்படித்தான் இருக்கும், பதினாலு வருஷமாக. ஒரு பக்கத்திலும் ராஜாமணி என்று இருந்திருக்காது.

டில்லிபாபு கையை நீட்டினான். கட்டை விரலில் ஜாக்கி நசுக்கிய தழும்பு. அந்தக் கை தன் வயிற்றில் கிடந்த இரவுகள் அவளுக்கு ஞாபகம் வந்தன. பிடித்துக்கொள் என்றது உள்ளே எரிந்துகொண்டிருந்த பொறாமை. பிடித்துக்கொள், இன்றைக்கே கூட்டிப்போ. தண்டலத்தில் ஒருத்தி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, லாரி சத்தத்துக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கட்டும். அப்படி அவளை நினைத்துப் பார்த்தாள். இனித்தது. எவ்வளவு இனித்தது என்று பார்த்தபோது அவளுக்கே திக்கென்றது. நாளைக்கு அப்பத்தோடு சேர்த்து இதையும்தானே விழுங்க வேண்டும்? அதற்கு அடுத்து வாரா வாரம் அந்த இரண்டு நாள் வரும். இங்கே விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு காது கொடுத்து உட்காருகிறவள் இவளாக இருப்பாள்.

பொறாமை போகவில்லை. இந்த நிமிஷமும் அந்தக் கழுத்து, அந்தப் புது டப்பா, அந்த நல்லவள் முகம். போகவும் போகாது போலிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"கையக் குடு ராஜாமணி," என்றான் டில்லிபாபு மெல்ல. "ஐயரு காத்துக்கினு கீறாரு."

அவள் தன் கையைப் பார்த்தாள். சொல்யூஷன் காய்ந்து நகக்கண்ணில் மஞ்சளாக நின்றது. அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள், தலைப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"ஐயரே, அந்தச் சம்சாரங்குறத அடிச்சிடுங்க."

ஐயர் பேனாவோடு நிமிர்ந்தார். "அடிச்சிட்டு?"

"வேற வரியில என் பேர எழுதுங்க. ராஜாமணின்னு. என்னாண்ட எனுக்குச் சண்ட இல்ல."

"அப்படி வழக்கம் இல்லையேம்மா. கை குடுத்தாத்தான் எழுத முடியும். குடுத்திரு. இவ்வளவு தூரம் வந்துட்டியே."

"கை குடுக்கலீங்க ஐயரே," என்றாள் ராஜாமணி. "நீங்க எழுதுற வரைக்கும் உக்காந்துக்கினு இருக்கேன்."

சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.